4-எஸ்-7: கோல்சைனைக் காதால் வாசிப்பது எப்படி

முதலில் ஒரு நாற்பது பக்கக் கொப்பியும் ஒரு பென்சிலும் எடுங்கள். பேனை வேண்டாம். எங்கள் தலவாக்கலைப் பக்கம் பனி இறங்கினால் இஸ்தோப்பில் வைத்த தாள் நமத்துவிடும், மை பரந்துவிடும். 1979ஆம் வருடத்து என் கொப்பியில் பேனையால் எழுதிய பக்கங்கள் இன்றைக்கு வெறும் நீலக்கறை. பென்சிலில் எழுதியவை அப்படியே இருக்கின்றன, நான் விட்ட பெரிய பிழையும் சேர்த்து. அந்தக் கதை பிறகு வருகிறது.

கொப்பி எதற்கு என்றால் கோல்சைன் சேர்க்க. தமிழில் அழைப்புக்குறி. முத்திரை சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள், நெருப்புப்பெட்டி லேபல் சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள், நான் நாற்பது வருடத்துக்கு மேலாக இதைச் சேர்க்கிறேன். செலவு ஒன்றும் இல்லை. ரேடியோ திருத்துவது என் தொழில், பஜாரில் சின்னக் கடை. இப்போதெல்லாம் போன் சார்ஜர் விற்றுத்தான் பிழைப்பு, ரேடியோ வருவது மாதத்துக்கு ஒன்று. ஆகவே நேரம் நிறைய இருக்கிறது.

அலை அனுப்புகிற எதற்கும் ஒரு பெயர் வேண்டும். வானொலி நிலையம், கப்பல், விமானம், வீட்டுக் கூரையில் ஏரியல் கட்டிப் பேசுகிற அமெச்சூர்காரர், எல்லோருக்கும்தான். அந்தப் பெயரின் முன்பக்கத்தைச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் நாடுகளுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறது. இலங்கைக்கு விழுந்தது 4-பி முதல் 4-எஸ் வரை.

இதை வாசித்துப் பழக நம்பர் தகட்டை விட நல்ல வாத்தியார் கிடையாது. மாகாண எழுத்துப் போட்ட பழைய தகடுகள் இன்னும் ஓடுகின்றன. ஹட்டன் பஸ் நிலையத்தில் பத்து நிமிடம் நின்றால் போதும். சி-பி என்று தொடங்கினால் மத்திய மாகாணம், யூ-பி என்றால் ஊவா, எஸ்-ஜி என்றால் சப்ரகமுவ. கடைசியில் வரும் எண் அந்த வண்டிக்கே உரியது. கோல்சைனையும் அப்படியே மூன்றாக உடையுங்கள். முன்னால் நாடு, நடுவில் ஓர் எண், பின்னால் ஆளுக்குரிய வால். இலங்கை அமெச்சூர்காரர்களிடம் அதிகம் காதில் விழுவது 4-எஸ்-7. வாயால் சொல்லும்போது 'ஃபோர் சியெரா செவன்' என்பார்கள். அதற்குப் பின்னால் இரண்டோ மூன்றோ எழுத்து வரும்.

வாலில்தான் ஆளின் குணம் தெரியும். இந்தியப் பிரதமராக இருந்த ராஜீவ் காந்தி அமெச்சூர்காரர், அவர் குறி வி-யூ-2-ஆர்-ஜி. வி-யூ-2 இந்தியா, ஆர்-ஜி அவரேதான். ஜோர்தான் மன்னர் ஹுசைனுக்கு வாலே இல்லை, ஜே-ஒய்-1 அவ்வளவுதான். மன்னருக்கு முன்னால் போய் வரிசையில் யார் நிற்பது!

ரேடியோ இல்லாதவர்கள் விமானத்தில் தொடங்கலாம். விமானத்தின் பின்புறம் சின்னதாக எழுதியிருப்பதும் அதே பங்கீட்டிலிருந்து வந்ததுதான். நம் நாட்டு விமானம் 4-ஆர் என்று தொடங்கும். மருமகன் கட்டாரிலிருந்து வந்தபோது கட்டுநாயக்காவில் எடுத்த படத்தைப் பேத்தி என்னிடம் காட்டினாள். நான் மருமகனைப் பார்க்கவில்லை, பின்னால் நின்ற விமானத்தைப் பார்த்தேன். ஏ-7. கட்டார்தான். டுபாய்ப் பக்கத்து விமானம் என்றால் ஏ-6, குவைத் என்றால் 9-கே, மாலைதீவு 8-க்யூ, சிங்கப்பூர் 9-வி. எங்கள் மலைநாட்டில் வெளிநாட்டுக்கு ஆள் போகாத லயமே, அதாவது தோட்டத்து வரிசை வீடே, இல்லை. வீட்டுக்கு வீடு இப்படி ஒரு படம் போனில் கிடக்கும். பெரிதாக்கிப் பாருங்கள், கொப்பியின் முதல் பக்கம் நிறைந்துவிடும்.

ஒரு குறி சரிதானா என்று சந்தேகம் வந்தால் இரண்டு விஷயம் பாருங்கள். பூச்சியத்திலோ ஒன்றிலோ தொடங்கும் வரிசையை எந்த நாட்டுக்கும் கொடுக்கவில்லை, ஓ, ஐ என்ற எழுத்துகளோடு குழம்பிவிடும் என்பதால். க்யூவில் தொடங்குவதும் கிடையாது. அது மோர்ஸ்காரர்களின், அதாவது குட்டை ஒலியும் நீள ஒலியுமாக எழுத்துகளை அனுப்புகிறவர்களின், சுருக்கச் சொற்களுக்கு ஒதுக்கியது. பிற நிலையங்களின் குறுக்கீடு என்றால் க்யூ-ஆர்-எம், இருக்கும் இடம் என்றால் க்யூ-டி-எச். ஆகவே கொப்பியில் க்யூவில் தொடங்கும் கோல்சைன் இருந்தால் அது நீங்கள் தவறாகக் கேட்டது.

சரி, இப்போது காதுக்கு வருவோம்.

மோர்ஸைப் புள்ளி, கோடு என்று தாளில் எழுதிப் படிக்காதீர்கள். அப்படிப் படித்தவர்கள் கடைசிவரை எண்ணிக்கொண்டேதான் இருப்பார்கள், அதற்குள் அடுத்த எழுத்து போய்விடும். என் அப்பா தப்படிப்பவர். தோட்டத்தில் சாவு, திருவிழா, காமன் கூத்து எதுவானாலும் அவருடைய தப்புப் பறை இல்லாமல் நடக்காது. ஓர் அடியைக் கேட்டவுடனே இது எதற்கான அடி என்று லயத்துப் பிள்ளைகளுக்கும் தெரியும், ஒருவரும் எண்ணுவதில்லை. மோர்ஸையும் அப்படிக் கேட்க வேண்டும். குட்டை ஒலி 'தி', நீள ஒலி 'தா'. மேசையில் தட்டிக்கொண்டே வாயால் சொல்லுங்கள்.

தி-தி-தி-தி-தா. தி-தி-தி. தா-தா-தி-தி-தி.

இதுதான் 4-எஸ்-7. பத்து 'தி', மூன்றே மூன்று 'தா'. லயத்துத் தகரத்தில் தூறல் விழுகிற மாதிரி ஓடிவிடும். அப்புறம் இந்தியாவின் வி-யூ-2ஐத் தட்டுங்கள். தி-தி-தி-தா, தி-தி-தா, தி-தி-தா-தா-தா. ஏழு 'தி', ஐந்து 'தா'. கடைசியில் மூன்று நீள ஒலி இழுத்துக்கொண்டு நிற்கும். ஒரு வாரம் தட்டினால் இரண்டையும் தூக்கத்தில்கூடப் பிரித்துவிடுவீர்கள்.

இப்போது என் பிழை. 1979இல் எனக்குப் பதினாறு வயது. ஒரு ராத்திரி, கரகரப்புக்கு நடுவே ஒரு குறி கேட்டு, கொப்பியில் வி-எஸ்-7 என்று எழுதினேன். எந்த நாடு என்று தெரியவில்லை. மறுநாள் தபால் கந்தோரில் தந்தி பார்த்த ஐயாவிடம் கொண்டுபோனேன். யாழ்ப்பாணத்துக்காரர், எனக்கு மோர்ஸ் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். பக்கத்தைப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"தம்பி, இது செத்த நம்பரடா. சிலோன் வெள்ளைக்காரன்ர கையில இருந்த காலத்து நம்பர். நீ பிறக்க முதலே அது போட்டுது."

"நான் காதால கேட்டேனே ஐயா."

"கேட்டிருப்பாய். ஒரு புள்ளியை விட்டுட்டாய்."

மேசை விளிம்பில் விரலால் இரண்டையும் தட்டிக் காட்டினார். வி என்பது தி-தி-தி-தா. 4 என்பது தி-தி-தி-தி-தா. அவ்வளவுதான் வித்தியாசம். பிரிட்டிஷ் குடியேற்ற நாடுகளுக்கு வி-எஸ் என்ற வரிசை இருந்தது. சிங்கப்பூர் வி-எஸ்-1, ஹொங்கொங் வி-எஸ்-6, சிலோன் வி-எஸ்-7. சுதந்திரத்துக்குப் பிறகு நமக்குக் கிடைத்தது 4-எஸ்-7. எழுத்தில் பார்த்தால் வேறு பெயர் மாதிரி இருக்கிறது. காதில் கேட்டால் முன்னால் ஒரேயொரு 'தி' கூடியிருக்கிறது. ஒரு நாடு கைமாறியதற்கு மோர்ஸில் உள்ள அடையாளம் அந்த ஒரு தட்டுத்தான். யாரும் யோசித்துச் செய்ததாக நான் நினைக்கவில்லை, தற்செயலாகத்தான் இருக்கும். ஆனால் இந்தப் பொழுதுபோக்கில் எனக்குக் கிடைத்தவற்றுள் இதைவிட அழகானது இல்லை. அந்தப் பக்கத்தை நான் அழிக்கவில்லை.

இந்தப் பிழை உங்களுக்கும் வரும். யூ, வி, 4 மூன்றையும் படிக்கட்டு மாதிரித் தட்டிப் பழகுங்கள்: தி-தி-தா, தி-தி-தி-தா, தி-தி-தி-தி-தா. ஏறி இறங்கி, ஏறி இறங்கி. அலை மங்கும்போது முதலில் தொலைவது முதல் 'தி'தான்.

எதில் கேட்பது? மோர்ஸ் அலையைச் சாதாரண சிற்றலை ரேடியோவில் பிடித்தால் ஒலி வராது, 'புஸ் புஸ்' என்று மூச்சு மாதிரி ஏதோ கேட்கும். அதற்கு ஒரு பழைய தந்திரம் உண்டு. முள் நகரும் பழைய ரேடியோ இரண்டு வேண்டும். ஒன்றை நீங்கள் கேட்க விரும்பும் இடத்தில் வையுங்கள், உதாரணத்துக்கு 7.020 மெகாஹேர்ட்ஸ். இரண்டாவதைப் பக்கத்திலேயே வைத்து, அதைவிட 0.455 குறைவாக, அதாவது 6.565இல் வைத்து, சத்தத்தைக் குறைத்துவிடுங்கள். ரேடியோவுக்குள் ஒரு சிறு அலைபிறப்பி இருக்கிறது, பெரும்பாலான செட்டுகளில் அது முள் காட்டும் இடத்துக்கு 455 கிலோஹேர்ட்ஸ் மேலே ஓடும். 6.565உம் 0.455உம் சேர்ந்தால் 7.020. அந்தக் கசிவு முதல் ரேடியோவில் வரும் அலையோடு மோதி விசில் சத்தமாகும். இப்போது மோர்ஸ் 'தி-தா' என்று தெளிவாகப் பாடும். இரண்டாவது செட்டின் முள்ளை மயிரிழை நகர்த்தினால் விசிலின் சுருதி மாறும். இலக்கம் காட்டும் புது டிஜிட்டல் செட்டில் இது சரிவராது, உள்ளே அமைப்பே வேறு. பழைய செட்டைப் பேரீச்சம்பழக்காரனுக்குப் போட்டிருந்தால் அது உங்கள் தலையெழுத்து. அப்படியானால் இணையம் வழியே கேட்கக்கூடிய வாங்கிகள் இருக்கின்றன. நெதர்லாந்தின் டுவென்டே பல்கலைக்கழகத்தில் உள்ளது பெயர்பெற்றது, போனிலேயே கேட்கலாம். கேட்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அலை அனுப்ப வேண்டுமென்றால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதிப்பத்திரம் வேண்டும்.

அனுப்புகிறவர்கள் வேலைக்கு உதவிய நாளும் உண்டு. 2004 டிசம்பரில் அந்தமானிலிருந்து வி-யூ-4 என்ற அரிய குறியைக் காற்றில் விட ஒரு குழு போர்ட் பிளேயருக்குப் போயிருந்தது. அவர்களுடைய குறி வி-யூ-4-ஆர்-பி-ஐ. குறி சேர்க்கிறவர்கள் உலகம் முழுக்க அதற்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். 26ஆம் திகதி சுனாமி வந்தது. அதற்குப் பிறகு அந்த ஏரியல் வழியாகப் போனது ஆட்களைப் பற்றிய செய்திதான்.

இனி, என் பேத்தி கண்டுபிடித்தது. நான் மேசையில் தட்டிய 4-எஸ்-7ஐப் போனில் பதிந்து, பாட்டை வெட்டி ஒட்டுகிற ஏதோ ஒரு செயலியில் பின்னிருந்து முன்னாக ஓடவிட்டாள்.

"தாத்தா, இப்ப இது எந்த நாடு?"

விளையாட்டுக்குத்தான் கேட்டாள். நான் கேட்டு எழுதினேன். கடைசியில் இருந்த தா-தா-தி-தி-தி திரும்பி தி-தி-தி-தா-தா ஆகிவிட்டது, அது 3. எஸ் எப்படித் திருப்பினாலும் எஸ்தான். முதலில் இருந்த 4 திரும்பி தா-தி-தி-தி-தி, அது 6. ஆக 3-எஸ்-6. பட்டியலைப் புரட்டினேன். 3-எச் முதல் 3-யூ வரை சீனா. இலங்கையைத் திருப்பிப் போட்டால் சீனா வருகிறது! அரசியல் பேசுகிறவர்கள் பேசிக்கொள்ளட்டும், நான் மோர்ஸ் மட்டும் சொல்கிறேன். பிறகு இந்தியாவைத் திருப்பினோம். வி-யூ-2 திரும்பினால் 8-டி-பி, 8-ஏ முதல் 8-ஐ வரை இந்தோனேசியா. இதைச் செய்து பார்க்க ரேடியோகூடத் தேவையில்லை. திருப்பினாலும் மாறாத எழுத்துகளைத் தனிப் பக்கத்தில் எழுதுங்கள்: ஈ, ஐ, எஸ், எச், டி, எம், ஓ, கே, ஆர், பி, எக்ஸ். இங்கே டி என்பது ஒற்றைக் கோட்டு டி, பி என்பது தி-தா-தா-தி. தமிழில் எழுதினால் இந்த ஒரு தொல்லை.

எஸ்-ஓ-எஸ் என்ற அபாயக் குறியும் முன்னும் பின்னும் ஒன்றே. 'எங்கள் ஆன்மாக்களைக் காப்பாற்று' என்பதன் சுருக்கம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள், எனக்கும்தான். அது பிறகு கட்டிய கதை. 1906இல் பேர்லினில் கூடி அதைத் தேர்ந்தார்கள். மூன்று குட்டை, மூன்று நீளம், மூன்று குட்டை, யார் காதிலும் தப்பாது. எழுத்துக்குள் பொருள் இருக்கிறது என்று யாராவது சொன்னால் அந்த எழுத்தைத் தெரிந்தெடுக்க அவர்களுக்கு உரிமை இருந்ததா என்று கேளுங்கள். இந்திய விமானங்களின் வி-டி 'வைஸ்ராயின் நாடு' என்பார்கள். வி என்பது பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகள் பலவற்றுக்கும் போன எழுத்து. அவுஸ்திரேலியா வி-கே, கனடா வி-ஈ. அங்கெல்லாம் எந்த வைஸ்ராய் இருந்தார்?

உரிமை இருந்த இடத்தில் கதை உண்மையாகவே இருக்கும். அமெரிக்காவில் வானொலி நிலையங்களின் குறி மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே டபிள்யூ, மேற்கே கே. மிச்ச எழுத்தை நிலையக்காரர் கேட்டு வாங்கலாம். ஆகவே டபிள்யூவைத் தலையில் வைத்துத்தான் வாசகம் கட்ட வேண்டும். சிக்காகோவின் டபிள்யூ-எல்-எஸ் நிலையத்தைத் தொடங்கியது ஒரு பெருங்கடை. அது 'வேர்ல்ட்ஸ் லார்ஜஸ்ட் ஸ்டோர்'. அதே ஊரில் பத்திரிகைக்காரர் நடத்தியது டபிள்யூ-ஜி-என், 'வேர்ல்ட்ஸ் கிரேட்டஸ்ட் நியூஸ்பேப்பர்'. நாஷ்வில்லில் காப்புறுதிக் கம்பனியின் டபிள்யூ-எஸ்-எம், 'வீ ஷீல்ட் மில்லியன்ஸ்'. கூச்சமே இல்லாதவர்கள். ஆற்றங்கரை விதிக்குப் பணியாத பழையவர்களும் உண்டு. 1920 நவம்பரில் தேர்தல் முடிவை ஒலிபரப்பிய பிட்ஸ்பர்க் நிலையம் கிழக்கில் இருந்தும் கே-டி-கே-ஏ.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதைவிட நெருக்கமானது திருச்சி. தாத்தா பாட்டி வந்த ஊர் அந்தப் பக்கம்தானே. அகில இந்திய வானொலி வி-யூவுக்குப் பின்னால் ஊரின் எழுத்தைப் போட்டது. டில்லி வி-யூ-டி, பம்பாய் வி-யூ-பி, 1938இல் தொடங்கிய சென்னை வி-யூ-எம், 1939 மே மாதம் தொடங்கிய திருச்சி இன்னொரு வி-யூ-டி. இந்த டி ஒற்றைக் கோட்டு டி. டில்லியின் டி தா-தி-தி, ஆகவே தமிழில்தான் குழப்பம், காதில் இல்லை. திருச்சியைத் தட்டிப் பாருங்கள். தி-தி-தி-தா, தி-தி-தா, தா. மூன்று 'தி'யோடு ஒரு 'தா', இரண்டோடு ஒன்று, கடைசியில் தனி 'தா'. இறங்கி வரும் படிக்கட்டில் ஒரு படி மட்டும் காணோம். நடுவில் தி-தா, அதாவது ஏ, இருந்திருந்தால் முழுப் படிக்கட்டு.

நம் நாட்டு எஃப்எம்காரர்கள் கோல்சைன் சொல்வதில்லை, பெயர்தான். அதிலும் ஒரு விளையாட்டு இருக்கிறது. கார் ரேடியோவில் நிலையத்தின் பெயர் ஓடுமே, அந்த ஆர்டிஎஸ் முறையில் பெயருக்கு எட்டு இடம் மட்டுமே உண்டு. சூரியன் என்ற நிலையப் பெயரை ஆங்கிலத்தில் வழக்கம்போல எழுதினால் சரியாக எட்டு. தென்றலும் எட்டு. சக்திக்கு ஏழு, ஓர் இடம் மிச்சம். வெற்றிக்கு ஆறு. லொறிக்காரர்கள் ரம்பொடை வளைவில் அலை விட்டுப்போகும்போது இதை எண்ணிக்கொண்டு போகலாம்.

கொப்பியில் முதல் மோர்ஸ் குறி எழுத நான் எல்லோருக்கும் சொல்வது சீனாவின் நேர நிலையம், பி-பி-எம். 5, 10, 15 மெகாஹேர்ட்ஸில் பாருங்கள், பகலில் பெரிய எண், இரவில் சின்ன எண். நொடிக்கு ஒரு 'டிக்' கேட்டால் சரியான இடம்தான். மணிக்கூட்டில் 29ஆவது நிமிடமும் 59ஆவது நிமிடமும் அது தன் பெயரை மோர்ஸில் சொல்லும். நம் நேரம் உலக நேரத்துக்கு ஐந்தரை மணி முன்னால் என்பதால் இரண்டும் இடம் மாறிக்கொள்ளும், ஆனால் 29உம் 59உம்தான். தா-தி-தி-தி, தி-தா-தா-தி, தா-தா. முதல் பி வேறு, இரண்டாவது பி வேறு, இங்கேயும் தமிழ் கைவிட்டுவிட்டது. பேத்தி போன வாரம் 59க்குக் காத்திருந்து இதைப் பென்சிலால் எழுதினாள். எழுதி முடித்துவிட்டு, "தாத்தா, இத திருப்பினா?" என்றாள். எம், பி, அப்புறம் முதல் பி திரும்பி வி. எம்-பி-வி. எம் என்றால் பிரித்தானியா. இப்போது அவளுடைய கொப்பியில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே திருப்பிய வரி ஒன்றும் இருக்கிறது.